ஓபி வரிசையில் தொலையும் ஆராய்ச்சி: சீனியர் டாக்டர்களுக்கு ஏன் 'நேரம்' ஒதுக்க வேண்டும்?

என் பெரியப்பா விசைத்தறி ஓட்டியவர். ஆள் ரொம்ப ஒல்லி, எடை 46 கிலோதான். 38 வயதில் அவருக்கு சுகர் என்று சொன்னபோது வீட்டில் யாருமே நம்பவில்லை. "குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே சுகர் வரும்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு இன்னொரு பிரச்சினை. நடுராத்திரியில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். லோ சுகர். பெரியம்மா தலைமாட்டில் சர்க்கரை டப்பாவை வைத்துக்கொண்டுதான் தூங்குவார். இரண்டு ஆண்டுகள் இப்படியே போனது.

பிறகு ஒரு மருத்துவமனையில் சீனியர் டாக்டர் ஒருவர் பழைய சீட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்சுலின் அளவை வெகுவாகக் குறைத்தார். "இந்த மாதிரி ஒல்லியான சுகர் பேஷண்ட் என்கிட்ட நிறைய பேர் வர்றாங்க. டைப் 1-லயும் சேர மாட்டேங்குது, டைப் 2-லயும் சேர மாட்டேங்குது. இதைப் பத்தி எழுதணும்னு பத்து வருஷமா நினைக்கிறேன், எங்கே நேரம்?" என்றார். வெளியே டோக்கனோடு ஒரு பெரிய கூட்டமே காத்திருந்தது.

அந்த டாக்டர் போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். பத்து வருடமாக அவர் மனதில் வைத்திருந்த அந்தக் கவனிப்பு, நமக்குத் தெரிந்தவரை எந்த மருத்துவ இதழிலும் வரவில்லை. அவரோடு அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது.

இந்தக் கட்டுரை அந்த "எங்கே நேரம்?" என்ற கேள்வியைப் பற்றியது.

வேலூரில் என்ன நடந்தது?

அந்த டாக்டர் சொன்னது புதிய விஷயம் இல்லை. போதிய உணவில்லாமல் வளர்ந்தவர்களுக்கு வேறு மாதிரியான நீரிழிவு வருகிறது என்று 1955-லேயே ஜமைக்காவில் பதிவு செய்தார்கள். 1985-ல் உலக சுகாதார நிறுவனம் அதை 'ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு' என்று தனி வகையாகவே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஊட்டக்குறைவுதான் காரணம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி, 1999-ல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

பட்டியலிலிருந்து போனாலும் நோயாளிகள் வருவது நிற்கவில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர்கள் அவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர்கள் செய்த ஆய்வு 2022-ல் 'டயாபடிஸ் கேர்' இதழில் வந்தது. மொத்தமே 73 ஆண்கள்தான். ஆனால் ஒவ்வொருவரிடமும் நுணுக்கமான பரிசோதனை: இன்சுலினையும் குளுக்கோஸையும் ரத்தத்தில் ஏற்றி, உடல் எப்படி எதிர்வினை செய்கிறது என்று பார்த்தார்கள். கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்றும் அளந்தார்கள்.

கிடைத்த விடை தெளிவாக இருந்தது. ஒல்லியான இந்த நோயாளிகளின் கணையம் போதிய இன்சுலினைச் சுரக்கவில்லை. ஆனால் வழக்கமான டைப் 2 போல அவர்களின் உடல் இன்சுலினை எதிர்க்கவும் இல்லை. சும்மா வாசிக்க இது டெக்னிக்கலாக இருக்கலாம். ஆனால் உடல் இன்சுலினை நன்றாக ஏற்கிறது என்றால், அளவு கொஞ்சம் கூடினாலே சுகர் சடாரென்று இறங்கும். பெரியம்மா தலைமாட்டில் சர்க்கரை டப்பா வைத்துக்கொண்டு தூங்கியதை நினைத்துப் பாருங்கள்.

2025 ஜனவரியில் பல நாட்டு நிபுணர்கள் வேலூரில் கூடிப் பேசினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், பாங்காக்கில் நடந்த உலக மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை 'டைப் 5' என்று அங்கீகரித்தது. உலகம் முழுக்க 2 முதல் 2.5 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்பது மதிப்பீடு. எந்த மருந்து, எந்த அளவு என்பதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. என் பெரியப்பாவுக்கு இருந்தது டைப் 5-தானா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல முடியும். 1955-க்கும் 2025-க்கும் நடுவே 70 ஆண்டுகள். அந்த 70 ஆண்டுகளில் எத்தனை சீனியர் டாக்டர்கள் இதைக் கவனித்திருப்பார்கள், எத்தனை பேருக்கு எழுத நேரம் கிடைத்திருக்கும்?

ஆராய்ச்சியை விஞ்ஞானிகள் செய்தால் போதாதா?

நியாயமான கேள்வி. லேபில் இருப்பவர் எலியையும் செல்லையும் பார்க்கிறார். புள்ளிவிவர நிபுணர் எண்களைப் பார்க்கிறார். 'இந்த நோயாளி புத்தகத்தில் இருப்பது போல இல்லையே' என்று முதலில் இடறுவது வார்டில் நிற்கும் டாக்டருக்குத்தான். அந்த இடறல் 25 வயதில் வராது. ஆயிரம் 'சாதாரண' நோயாளிகளைப் பார்த்து முடித்தவருக்குத்தான் 1001-வது ஆள் வித்தியாசமாகத் தெரிவார்.

ஊட்டச்சத்துத் துறையில் இதற்குப் பழைய உதாரணம் நம் ஊர்க்காரர் ஒருவர். சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் சி.கோபாலன். தோல் வெடித்து, மனநிலை பாதிக்கும் பெல்லக்ரா என்ற நோய் மக்காச்சோளம் சாப்பிடுபவர்களுக்கு வரும் என்பதுதான் அன்றைய பாடம். ஆனால் ஹைதராபாத் பகுதியில் அது சாதாரண சோளம் சாப்பிடுபவர்களுக்கு வந்தது. 1960-ல் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் அதிகம் இருப்பது காரணமாக இருக்கலாம் என்று 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அந்த விளக்கம் பிறகு பல விவாதங்களைச் சந்தித்தது. ஆனால் கேள்வி பிறந்தது நோயாளிகளைப் பார்த்த இடத்தில்தான்.

கோபாலன் தலைமை தாங்கிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருக்கிறது. அது தொடங்கியது எங்கே தெரியுமா? 1918-ல், நம் குன்னூரில். ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய, பாஸ்டர் நிறுவனத்தில் ஆரம்பித்த சின்னப் பிரிவு அது. 1958-ல்தான் ஹைதராபாத் போனது.

ஒரு டாக்டர், ஆறு கிராமங்கள், 30 ஆண்டுகள்

இன்னொரு உதாரணம் புனே. கேஇஎம் மருத்துவமனையின் நீரிழிவு டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், தன் நோயாளிகள் பாடப்புத்தகம் சொல்வதைவிட இளையவர்களாகவும் ஒல்லியாகவும் இருப்பதைக் கவனித்தார். 1993-ல் புனே அருகே ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது.

அந்தக் குழந்தைகள் பிறந்தபோது சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகள் சுமார் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைவாக இருந்தும், நம் குழந்தைகளின் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தசைதான் குறைவு. 'ஒல்லியான ஆனால் கொழுப்புள்ள இந்தியக் குழந்தை' என்ற கருத்து இப்படித்தான் வந்தது.

2004-ல் 'லான்செட்'டில் வந்த ஒரு படம் இதை ஒரே பார்வையில் புரியவைத்தது. யாக்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். 'என் பிஎம்ஐ நார்மல்தானே' என்று ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டை மூடி வைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கதை அங்கேயும் முடியவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு 6 வயதானபோது மறுபடி பரிசோதித்தார்கள். கர்ப்ப காலத்தில் தாய்க்கு பி12 குறைவாகவும் ஃபோலேட் அதிகமாகவும் இருந்தால், குழந்தையின் உடலில் இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருப்பது தெரிந்தது. 2008-ல் அது வெளியானது. 2012-ல் அதே தலைமுறை வளரிளம் வயதுக்கு வந்ததும், அவர்களுக்கு பி12 கொடுத்துப் பார்க்கும் சோதனை தொடங்கியது. கவனித்ததிலிருந்து தீர்வைச் சோதிப்பது வரை 19 ஆண்டுகள். இடையில் அந்த டாக்டரை யாராவது நான்கு முறை ட்ரான்ஸ்ஃபர் செய்திருந்தால்?

அப்படியானால் பிரச்சினை எங்கே?

முதலில் ஒரு எண். 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்கள் என்ன ஆராய்ச்சி செய்தன என்று டாக்டர் சமீரன் நந்தி குழுவினர் கணக்கெடுத்தார்கள். 332 நிறுவனங்கள், அதாவது 57.3 சதவீதம், பத்து ஆண்டுகளில் ஒரு பேப்பர்கூட வெளியிடவில்லை. வெறும் 25 நிறுவனங்கள்தான் நாட்டின் மொத்த ஆய்வுகளில் 40.3 சதவீதத்தைக் கொடுத்தன.

டாக்டர்கள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் வார்டு ரவுண்ட்ஸ், பிறகு ஓபி, மதியம் மாணவர்களுக்கு வகுப்பு, நடுவில் காப்பீட்டுத் திட்டப் படிவங்கள், ஆய்வுக் கூட்டங்கள். துறைத் தலைவர் ஆகிவிட்டால் மருந்து இருப்பு, டியூட்டி பட்டியல், ஆர்டிஐ பதில் என நிர்வாக வேலையும் சேரும். மாலையில் சொந்த கிளினிக். கிளினிக்கில் உட்காரும் ஒரு மணி நேரத்துக்கு வருமானம் உண்டு. பேப்பர் எழுதும் ஒரு மணி நேரத்துக்கு எதுவும் இல்லை.

விதிகளும் உதவவில்லை. 2009-ல் அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளைக் கட்டாயமாக்கியது. அசோசியேட் புரொஃபசர் ஆக 2, புரொஃபசர் ஆக 4 என்ற கணக்கு. பிறகு விதிகள் பல முறை திருத்தப்பட்டன. ஆனால் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. பேப்பர் வேண்டும் என்றார்கள், அதை எழுத நேரம் தரவில்லை. விளைவு என்ன? காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள், வேலையே செய்யாதவர் பெயரைச் சேர்க்கும் பழக்கம்.

இன்னொரு விசித்திரம் பாருங்கள். புரொஃபசர் ஆனதும் ஏணி முடிந்துவிடுகிறது. அதற்குமேல் ஆராய்ச்சி செய்யச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அனுபவம் உச்சத்தில் இருக்கும் 15 ஆண்டுகளில்தான் ஆராய்ச்சிக்கான தூண்டுதல் பூஜ்ஜியம்.

ஊட்டச்சத்துத் துறையில் மட்டும் ஏன் கூடுதல் கஷ்டம்?

மூன்று காரணங்கள். ஒன்று, காலம். ஒரு காய்ச்சல் மருந்து வேலை செய்கிறதா என்பது வாரங்களில் தெரியும். கர்ப்பிணி சாப்பிட்ட சாப்பாடு குழந்தையை எப்படி மாற்றியது என்பது தெரிய 20 ஆண்டுகள் வேண்டும்.

இரண்டு, பணம். புது மருந்துக்கு கம்பெனி செலவு செய்யும். ராகியையும் கீரையையும் காப்புரிமை எடுக்க முடியாதே, அதற்கு யார் செலவு செய்வார்கள்?

மூன்று, வீடு. மருத்துவமனையில் இதயத்துக்குத் தனித்துறை உண்டு, சிறுநீரகத்துக்கு உண்டு. ஊட்டச்சத்து என்பது கொஞ்சம் நாளமில்லாச் சுரப்பித் துறையிலும், கொஞ்சம் குழந்தைகள் நலத்திலும், கொஞ்சம் சமூக மருத்துவத்திலும், கொஞ்சம் டயட்டீஷியன் மேசையிலும் சிதறிக் கிடக்கிறது. எல்லோருக்கும் சொந்தமானதை யாரும் பொறுப்பெடுப்பதில்லை.

இதற்கிடையே நோய் காத்திருக்கவில்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐசிஎம்ஆரும் 1.13 லட்சம் பேரிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை என்பது அதன் மதிப்பீடு. இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களிலும் சிலர் அந்த இரண்டாவது கணக்கில் இருக்கக்கூடும்.

வழியே இல்லையா?

இருக்கிறது. சென்னையில் உள்ள ஐசிஎம்ஆர்-தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், டாக்டர்களுக்கு ஆராய்ச்சியின் அடிப்படைகளை ஆன்லைனிலேயே கற்றுத்தருகிறது. மருத்துவ ஆசிரியர்களுக்கு இந்தப் பயிற்சி விதிப்படி தேவையும்கூட. மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆராய்ச்சிப் பிரிவுகள் அமைக்க நிதி தருகிறது. டிபிடி/வெல்கம் டிரஸ்ட் இந்தியா அலையன்ஸ், டாக்டர்களுக்கென்றே தொடக்க நிலை, இடைநிலை, மூத்த நிலை எனப் படிப்படியாக ஃபெல்லோஷிப்கள் வழங்கிவந்திருக்கிறது.

பயிற்சி இருக்கிறது, லேப் இருக்கிறது, ஓரளவு பணமும் இருக்கிறது. இல்லாதது நேரம்.

அமெரிக்காவும் இதே சிக்கலில் மாட்டியதுதான். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்யும் டாக்டர்கள் அழியும் இனமாகிவிட்டார்கள் என்று 1979-லேயே ஜேம்ஸ் விங்கார்டன் எச்சரித்தார். பிறகு அவரே அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு இயக்குநரானார். அந்த நிறுவனம் கொண்டுவந்த திட்டங்களில் ஒன்றின் பெயர் 'கே24'. பணிக்காலத்தின் நடுவில் இருக்கும் டாக்டர்களுக்கானது. அவர் வேலை நேரத்தில் 25 முதல் 50 சதவீதத்துக்கான சம்பளத்துக்குத் திட்டம் உதவி செய்யும். பதிலுக்கு அவர் இரண்டு வேலை செய்ய வேண்டும்: தன் ஆராய்ச்சியைத் தொடர வேண்டும், இளம் டாக்டர்களுக்கு ஆராய்ச்சி சொல்லித்தர வேண்டும். உபகரணம் வாங்கத் தரும் பணத்தைவிட, நேரத்தை வாங்கித் தரும் பணம்தான் அதன் அடிப்படை.

ஓபி-யில் ஆள் குறைந்தால் ஏழைகள் பாவம் இல்லையா?

இந்த எதிர்க்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்பவருக்கு இன்றைக்கு டாக்டர் வேண்டும். 20 ஆண்டுகள் கழித்து வரப்போகும் ஆய்வு முடிவு அவருக்குச் சோறு போடாது. அதனால்தான், சீனியரை ஓபி-யிலிருந்து எடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு டாக்டரை நியமித்தே ஆக வேண்டும் என்கிறோம். மாற்று ஆள் இல்லாமல் 'ஆராய்ச்சி நாள்' அறிவித்தால், அது வரிசையில் நிற்பவரின் தலையில்தான் விடியும்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. தவறான அளவு இன்சுலினால் மயங்கி விழுபவர்களும் ஏழைகள்தான். அவர்களுடைய நோயைச் சரியாக வகைப்படுத்தும் ஆராய்ச்சியைப் பணக்கார நாடுகள் நமக்காகச் செய்யாது. அங்கே அப்படிப்பட்ட நோயாளிகள் குறைவு.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. சீனியர் என்பதாலேயே எல்லோரும் நல்ல ஆய்வாளர் ஆகிவிட மாட்டார்கள். பெயருக்குத் தலைமை தாங்கி, ஜூனியர் உழைப்பில் பேர் வாங்குபவர்களும் உண்டு. சத்து மாவு, ஹெல்த் டிரிங்க் கம்பெனிகளின் பணம் ஆய்வுக்குள் நுழையும் ஆபத்தும் உண்டு. எனவே நேரம் கொடுப்பது போட்டி முறையில், திட்டத்தைப் பார்த்து, வெளி ஆட்கள் மதிப்பிட்டுத்தான் நடக்க வேண்டும். யாரிடம் பணம் வாங்கினோம் என்பதை வெளியே சொல்வது கட்டாயமாக இருக்க வேண்டும்.

நாங்கள் கேட்பது என்ன?

* வாரத்தில் ஒரு நாள்: தகுதி பெறும் சீனியர் டாக்டர்களுக்கு வாரம் ஒரு முழு நாள் ஆராய்ச்சிக்கு. அதற்கான மாற்று டாக்டரின் சம்பளம் திட்ட நிதியிலிருந்தே வர வேண்டும்.
* இடமாறுதலில் விலக்கு: நீண்டகால ஊட்டச்சத்து ஆய்வு நடத்துபவரை ஆய்வு முடியும்வரை மாற்றக் கூடாது.
* துணை ஆட்கள்: ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஒரு புள்ளிவிவர நிபுணர், ஒரு ஆய்வுச் செவிலியர், ஒரு டேட்டா ஆபரேட்டர். ரத்த மாதிரிக்கு லேபிள் ஒட்டுவது புரொஃபசரின் வேலை இல்லை.
* ஓய்வுக்கு முன் ஒப்படைப்பு: ஓய்வு பெறும் முன் கடைசி இரண்டு ஆண்டுகளில், தான் சேர்த்த பதிவுகளையும் கேள்விகளையும் ஒரு ஜூனியரோடு சேர்ந்து ஆய்வாக்க வாய்ப்பு.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிபி மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. நோயாளியின் வீட்டு வாசல் வரை போகும் இந்த அமைப்பு, முறையான ஒப்புதலோடும் தனியுரிமைப் பாதுகாப்போடும் நல்ல ஆய்வுகளுக்கு அடித்தளமாகலாம். ஒல்லியான நீரிழிவு நோயாளிகள் எத்தனை பேர், எந்த மாவட்டத்தில், அவர்களில் எத்தனை பேருக்கு அடிக்கடி லோ சுகர் என்பதைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. கேட்பதற்கு ஒரு டாக்டருக்கு நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் பங்கு?

கொஞ்சம் உண்டு. வீட்டில் பெரியவர்களின் பழைய மருந்துச் சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், போனில் போட்டோ எடுத்தும் வையுங்கள். லோ சுகர் வந்த நாளையும் நேரத்தையும் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக இன்சுலின் அளவை மாற்ற வேண்டாம். மருத்துவமனையில் ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டால் பயந்து ஓடாதீர்கள். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இருக்கிறதா, எப்போது வேண்டுமானாலும் விலகலாமா, தகவல் ரகசியமாக இருக்குமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் யோசித்து முடிவெடுங்கள்.

பெரியப்பா இப்போது நன்றாக இருக்கிறார். இந்தக் கட்டுரைக்காகப் பேசியபோது, அந்த டாக்டர் ரிட்டயர் ஆகிவிட்டார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "என்னை மாதிரி ஆளுங்களைப் பத்தி எழுதணும்னு சொன்னாங்களே பாப்பா, எழுதிட்டாங்களா?"